பூவைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும்

பக்கத்து வீட்டு அத்தை முட்டிவலிக்கு எண்ணெய் காய்ச்ச ஒரு கட்டுச் செடியை வேரோடு பிடுங்கி வந்திருந்தார். "குறுந்தொட்டிதானே தம்பி, பார்த்துச் சொல்லு" என்றார். நாகப்பட்டினத்தில் எங்கள் தெருமுனைக் காலிமனையில் இடுப்புயரத்துக்கு மண்டிக் கிடக்கிற அதே செடி. மஞ்சள் பூ, ஓரம் பல்பல்லாக வெட்டிய இலை, நார் உரியும் தண்டு. பார்த்தவுடன் குறுந்தொட்டி என்றுதான் தோன்றும். ஆனால் இலையில் நரம்புகள் நன்றாக உள்வாங்கி, மடித்துப் பிரித்த துணி போல இருந்தது எனக்கு உறுத்தியது.

ஒரு பூவைக் கிள்ளிக் கவிழ்த்தேன். பூவின் அடியைத் தாங்கும் பச்சை உறையான புல்லிக்கு வெளியே, அதை ஒட்டியபடி, மெல்லிய மூன்று சிறு இலைகள். செம்பருத்தியில் இப்படி ஒரு வெளிச்சுற்று உண்டு. குறுந்தொட்டிக்குக் கிடையாது, அரிவாள்மனைப் பூண்டுக்கும் துத்திக்கும் கிடையாது. சரி, இது வேறு ஆள்.

அப்புறம் லென்ஸை எடுத்துத் தண்டைப் பார்த்தேன். ரோமங்கள் தண்டோடு படிந்து கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் நான்கு கை. இரண்டு மேல்நோக்கி, இரண்டு கீழ்நோக்கி, யாரோ வரிசையாகத் தையல் போட்ட மாதிரி. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை, அத்தைதான் தோளைத் தட்டினார். காய்ந்த காயை உள்ளங்கையில் உதிர்த்தேன். 12 துண்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று முள்.

இந்தச் செடியின் அறிவியல் பெயர் மால்வாஸ்ட்ரம் கோரமண்டேலியானம். கோரமண்டல் என்பது நம்முடைய சோழமண்டலக் கரைதான். செடிக்குப் பிறந்த இடமோ அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதிகள். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை மால்வா என்ற பேரினத்தில் வைத்தபோதே கோரமண்டல் பெயர் ஒட்டிக்கொண்டது. 1857இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் கார்க்கே இதை மால்வாஸ்ட்ரம் பேரினத்துக்கு மாற்றினார். ஊர்ப்பெயர் மட்டும் அப்படியே நின்றது. கடல் கடந்து வந்த செடி நம் கரையின் பெயரோடு என் வாசலுக்கு நாலு வீடு தள்ளி நிற்கிறது என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"அப்போ எண்ணெயில போட வேண்டாமா?" என்றார் அத்தை. வேண்டாம் என்றேன். குறுந்தொட்டிக்குச் சொன்ன மருந்தில் முகச்சாயலை மட்டும் நம்பி இன்னொரு செடியைப் போடுவது தப்பு.

மறுநாள் காலை வாய்க்கால் மேட்டுக்குச் சேர்ந்தே போனோம். நான் செடியைப் பிடிப்பதற்குள் அத்தை பூவைக் கவிழ்த்துவிட்டார். "மூணு இலை இல்லை தம்பி, இதான்."