விஞ்ஞானமாம்!

உயர்தரம் படிக்கும் மருமகள் நேற்று அரசியல் விஞ்ஞானக் கொப்பியைத் தூக்கிக் காட்டி, “மாமா, விஞ்ஞானமெண்டா இதுக்கு ஆய்வுகூடம் எங்க?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ஹார்வர்டிலேயே அந்தத் துறைக்கு வெறும் ‘அரசாங்கம்’ என்றுதான் பெயர்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் 22 தேர்தல் மாவட்டங்களில் 21 தேசிய மக்கள் சக்திக்குப் போக, நம்ம மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சியிடம் நின்றது. மறுநாள் கல்லடித் தேத்தண்ணிக் கடையில் அதற்குக் காரணம் சொல்ல ஆறு பேர் இருந்தார்கள். முதல்நாளே சொன்னவர் ஒருவருமில்லை (நானும்தான்). மழை வருமென்று முன்கூட்டிச் சொல்பவனை விஞ்ஞானி எனலாம், நனைந்தபின் சொல்பவனை?

‘அரசறிவியல்’ என்ற சொல்தான் எனக்குப் பிடிக்கும், கொஞ்சம் அடக்கமாக இருக்கிறது. அவளிடம் சொன்னேன்.

“அதெல்லாம் சரி மாமா, சோதனைப் பேப்பர்ல என்ன வரும், அதைச் சொல்லுங்க.”