‘நீங்கள் எவடம்?’

பதினான்கு வயது வரை இலங்கை எனக்கு அம்மா சொல்லும் கதை மட்டும்தான். நான் பிறந்தது தமிழ்நாட்டில், ஓர் அகதி முகாமில். 2017இல் விமானமேறி வந்து, மலையகத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், அத்தை இருந்த லயத்திலேயே, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலேயே, குடியேறினோம். அந்த வருடங்கள் அவ்வளவு சிரமமாக இல்லை. மலையகத்துப் பேச்சும் முகாமில் நாங்கள் பேசியதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பள்ளிக்கூடம், கோயில், கொழுந்து நிறுக்கும் மடுவம், எங்கே போனாலும் தமிழ். புது நாட்டுக்கு வந்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான்.

கலஹா சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அப்பா தலையில் என் பெட்டி. மழைத் தூறல். விடுதி வாசல்வரை வந்துவிட்டு, “பயப்படாம நாலு பேரோட பேசு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அறையில் நான்கு பேர். ஒருத்தி கிளிநொச்சி, ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி குருநாகல். கிளிநொச்சிப் பிள்ளைதான் முதலில் கேட்டாள்: “நீங்கள் எவடம்?” எனக்கு அந்தச் சொல்லே விளங்கவில்லை. ஊரைத்தான் கேட்கிறாள் என்று தெரிந்ததும் “தலவாக்கலை” என்றேன். “உங்கட கதை இந்தியாக்காரர் மாதிரிக் கிடக்கு” என்றாள். அவள் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் அன்றோடு என் வாய் கட்டிப்போனது.

இயல்பிலேயே நான் கூச்சக்காரி. இப்போது ஒவ்வொரு சொல்லையும் எடைபோட ஆரம்பித்தேன். நோட்டு என்பதா, கொப்பி என்பதா? பேசினாள் என்பதா, கதைத்தாள் என்பதா? ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சரிபார்த்து முடிப்பதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். சொல்லாமல் விட்ட வாக்கியங்கள் நெஞ்சில் அப்படியே கிடக்கும். இரவில் அவற்றை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

கெண்டினில் இன்னும் மோசம். “பிளேன்டி எகக் தென்ன”, ஒரு பிளேன்டி தாருங்கள், என்று சிங்களத்தில் வரிசையில் நிற்கும்போதே பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஒரு நாள் சொல்லியும் விட்டேன். உள்ளே நின்றவர் “சீனி தாந்நத?” என்று திருப்பிக் கேட்டார். சீனி போடவா என்பதுதான் கேள்வி. அதற்கு நான் தயாராக இல்லை. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. தேநீரே வேண்டாம் என்று வரிசையை விட்டு விலகிவிட்டேன். அதன்பிறகு இரண்டு மாதம், காலையில் அறையிலேயே பிஸ்கட்டும் தண்ணீரும்தான்.

எல்லோரும் சொன்ன அறிவுரை, போய்க் கலந்து பழகு என்பது. கூச்சப்படுகிறவளுக்கு அதைவிட உதவாத அறிவுரை இல்லை. எனக்கு உதவியது பூ. வளாகத்து மேட்டில் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை போனபோது, பூசைக்கு முன் சில பிள்ளைகள் ஊசியில் மாலை கோத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு நூலை எடுத்து, முகாமில் பெரியம்மா பழக்கியபடி, இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் வைத்து, விரலில் நூலைச் சுழற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே போனேன். ஊசியே இல்லாமல் முழம் நீண்டது. “இது எப்பிடிச் செய்யிறனீங்கள்?” என்று ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கிறது. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், பூவைப் பார்த்தே பேசலாம். அப்புறம் ஒவ்வொரு வெள்ளியும் போனேன்.

அந்த நாட்களில்தான் அறையில் எங்கள் கதையைச் சொன்னேன். தாத்தா தலவாக்கலைத் தோட்டத்தில் பிறந்தவர், 1977இல் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போனவர், 1990இல் மன்னாரிலிருந்து படகேறியவர். கிளிநொச்சிப் பிள்ளை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எங்கட அம்மம்மாவும் எழுபத்தேழில அட்டன் பக்கம் இருந்து வந்தவாதான். நாங்கள் வெளியில சொல்லுறேல்ல” என்றாள். அன்றிரவு லைட்டை அணைத்தபிறகும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். நான் எந்தச் சொல்லையும் எடைபோடவில்லை.

குருநாகல் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. நாளுக்கு மூன்று வாக்கியம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தோம். நான் பிழையாகச் சொன்னால் அவள் திருத்த மாட்டாள். அதே வாக்கியத்தைத் தானும் ஒருமுறை சரியாகச் சொல்வாள், அவ்வளவுதான். அந்தப் பொறுமைக்கு அவளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

முதலாம் வருடம் முடிகிற நேரம். மழை விட்ட ஒரு மாலை, நானும் அவளும் அக்பர் பாலத்தில் நின்றோம். கீழே மகாவலி செம்மண் நிறத்தில் பெருகி ஓடிக்கொண்டிருந்தது. “ஒயாகெ கம கொஹேத?” என்றாள். உன் ஊர் எது? அதே கேள்விதான். முகாம், தலவாக்கலை, வவுனியா எல்லாம் ஒரே நேரத்தில் நாக்குவரை வந்தன.

லயத்துக்குக் கீழே கொத்மலை ஓயா ஓடுகிறது. அத்தை துணி துவைப்பது அதில்தான். அது மகாவலியில் கலக்கிறது என்பது புவியியல் வகுப்பில் வரைபடத்தில் கோடு போட்டு நான் படித்தது. ஆற்றைக் காட்டினேன்.

“மே வதுர எந்நே அபே கமென்.”

இந்தத் தண்ணீர் எங்கள் ஊரிலிருந்துதான் வருகிறது. அவள் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். எங்கள் ஊர் என்று நான் யாரிடமும் சொன்னது அதுதான் முதல் தடவை.