சரிகை சார்த்திய லட்சுமி

ஜூன் 6
தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டைப் பிரிக்கிறார்கள் என்று பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடை அண்ணாச்சி போன் பண்ணினார். போய்ச் சேர்வதற்குள் பாதி ஓடு இறக்கியாயிற்று. சுவரிலிருந்து கழற்றிய சாமி படங்கள் திண்ணையில் சாய்ந்திருந்தன. எல்லாம் காலண்டர் படம், ஒன்றைத் தவிர. தாமரைமேல் நிற்கும் ரவிவர்மா லட்சுமி, பக்கத்தில் மாலையோடு யானை. சேலைமேல் நிஜத் துணி வெட்டி ஒட்டி, ஓரத்தில் சரிகை, கழுத்தில் சமிக்கி.

“எங்க அம்மைக்க அம்மை ஒட்டினது மக்கா” என்றார் பாட்டி. அவர் சொன்ன தொகையைக் கொடுத்தேன். பேரம் பேச வாய் வரவில்லை.

ஜூன் 7
இடவப்பாதி மழை. இந்த ஈரத்தில் பிரேமைத் திறக்கக் கூடாது.

ஜூன் 10
நல்ல வெயில். துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பிப் பலகையை எடுத்தேன். யானையின் காதோரம் இராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இப்போதைய ஆஃப்செட் அச்சு என்றால் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கும். இதில் மணலைத் தூவியதுபோல ஒழுங்கில்லாமல் கிடந்தன. கல்லச்சுதான்! நிறத்துக்கு ஒரு கல்லாக, ஒரே தாளை மறுபடி மறுபடி அச்சுக்குக் கொடுத்திருப்பார்கள்.

கீழ் ஓரம் பின்பக்கம் மடிந்திருந்தது. மெல்லப் பிரித்தால் ‘ரவிவர்மா அச்சகம், கார்லா–லோணாவ்லா’ என்று ஆங்கில எழுத்தில் ஒரு வரி. 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் சில வருஷம் கழித்துத்தான் புனே போகும் வழியிலுள்ள லோணாவ்லா பக்கம் போனது. ஆக, இது தொடக்க கால பம்பாய்ப் படம் இல்லை. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இதைச் சொல்லியிருக்கவே முடியாது. நான் முதன்முதலில் வாங்கிய ரவிவர்மா படத்தில் அந்த ஓரத்தை பிரேம் கடையில் சட்டத்துக்காக வெட்டிவிட்டார்கள். இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஜூன் 13
திருவனந்தபுரத்துச் சேகரிப்பாளர் ஒருவர் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, துணியை ஊறவைத்து எடுத்தால் நல்ல விலை தருவதாகச் சொன்னார். அச்சு மட்டும்தான் அவருக்கு வேண்டும். மாட்டேன் என்றுவிட்டேன். இப்படிச் சரிகை ஒட்டுவது அந்தக் காலத்தில் பல வீடுகளில் இருந்த பழக்கம். ஒட்டிய கைக்கும் இந்தப் படத்தில் பங்கு உண்டு.

ஜூன் 15
ஓரத்து எழுத்தை போனில் படமெடுத்துப் போய்ப் பாட்டியிடம் காட்டினேன். அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. துணியைத்தான் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். “அம்மைக்க அம்மைக்கு அப்போ கோயிலுக்குள்ள போகப்பிடாதுல்லா. சாமிக்கு அலங்காரம் எப்படி இருக்கும்னு கேட்டுக் கேட்டு, வீட்டுலயே சேலை சார்த்தினாவ. இந்தப் பச்சை, அவியக்க கல்யாணச் சட்டையில வெட்டுனது.”

திருவிதாங்கூரில் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936-இல்தான் வந்தது. அதற்கு முன்பே இந்த லட்சுமி அந்தச் சுவருக்கு வந்துவிட்டாள்.

ஜூன் 18
சென்னையிலிருந்து அமிலமில்லாத அட்டை வந்தது. சமிக்கி கண்ணாடியில் உரசாதபடி நடுவே மரப்பட்டி கொடுத்தேன். ஓரத்தை வெட்டவில்லை, மடிக்கவும் இல்லை. பாட்டி சொன்னதை அட்டையின் பின்புறம் பென்சிலால் எழுதினேன். பேனா மை ஊறி இறங்கிவிடும்.