முதலில் ஒழுகலை அடைத்துவிடுங்கள்

ரசாயன ஆலையின் கார்பன் உமிழ்வு என்றதும் எல்லோரும் புகைபோக்கியைப் பார்க்கிறார்கள். கொதிகலன் பிரிவிலேயே காலம் தள்ளிய என் கண் நீராவிக் குழாய்களுக்குத்தான் போகும். காப்புறை கிழிந்த குழாய், ஒழுகும் ஸ்டீம் ட்ராப் (நீராவியை விடாமல், குளிர்ந்து சேரும் நீரை மட்டும் வெளியேற்றும் வால்வு), சாக்கடைக்குப் போகும் சுடுநீர்... இவற்றை விட்டுவிட்டு ஹைட்ரஜன் பற்றிப் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும். 150 டிகிரி வரையிலான வெப்பத்துக்கு, வீணாகும் சூட்டை மின்சாரத்தால் உயர்த்தித் தரும் வெப்ப பம்புகளே இப்போது வந்துவிட்டன.

அதற்கு மேலேதான் சிக்கல். பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான எத்திலீனைத் தயாரிக்கும் கிராக்கர் உலை சுமார் 850 டிகிரியில் ஓடுகிறது. ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் பிஏஎஸ்எஃப், சாபிக், லிண்டே நிறுவனங்கள் சேர்ந்து மின்சாரத்தால் சூடேறும் சோதனை உலையை 2024-ல் தொடங்கின.

உரத்துக்கு அடிப்படையான அம்மோனியாவின் கதை வேறு. அங்கே இயற்கை எரிவாயு எரிபொருள் மட்டுமல்ல, ஹைட்ரஜனைத் தரும் மூலப்பொருளும்கூட. அதனால் உலையை மாற்றினால் மட்டும் தீராது. தண்ணீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் எடுக்கலாம். நார்வேக்காரர்கள் நீர்மின்சாரத்தில் 1920-களின் இறுதியிலேயே செய்ததுதான்! ஆனால் கணக்கு மிரட்டுகிறது: கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம், ஒரு டன் அம்மோனியாவுக்குச் சுமார் 180 கிலோ ஹைட்ரஜன். ஆக 9,000 யூனிட். அதை நிலக்கரி மின்சாரத்தில் ஓட்டினால் டன்னுக்குச் சுமார் 8 டன் கார்பன் டை ஆக்சைடு. எரிவாயு வழியில் 2 டன்னுக்கும் குறைவு. சூரிய மின்சாரம் என்றால் இரவுக்கு ஹைட்ரஜனைச் சேமிக்கவேண்டும், ஏனென்றால் அம்மோனியா ரியாக்டரைத் தினம் நிறுத்தி ஓட்ட முடியாது.