கலியாணப் பொண்ணின் கைக்கும் காலுக்கும்

நுவரெலியா, ஹட்டன் பக்கம் கலியாணம் வச்சிருக்கிற தங்கச்சிமாரே, புடவை, நகை, மண்டபம்னு ஓடுற ஓட்டத்துல உங்களுக்குன்னும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்க.

ஒரு வாரம் முன்னேயே காலைக் கவனிங்க. இளஞ்சூட்டுத் தண்ணியில ஒரு கைப்பிடி உப்பு, 15 நிமிஷம் ஊறணும். குதிகாலைக் கல்லால மெதுவாத் தேய்ச்சு, ஈரம் துடைச்சு, தேங்காய் எண்ணெய் பூசி மேஸ் போட்டுப் படுங்க. நம்ம குளிருல எண்ணெய் போத்தலுக்குள்ளேயே வெள்ளையா உறைஞ்சு நிக்கும். அடுப்புல வைக்காதீங்க, சுடுதண்ணிக்குள்ள 5 நிமிஷம் போத்தலை நிறுத்தினா இளகிடும்.

மருதாணி சிவக்கலைன்னா பல தடவை குளிர்தான் காரணம். சூட்டுலதான் சாயம் நல்லாப் பிடிக்கும். அதனால கலியாணத்துக்கு ரெண்டு நாள் முன்னே வச்சு, கையைக் கதகதப்பா வச்சிருங்க. 6 முதல் 8 மணித்தியாலம் கழிச்சுச் சுரண்டி எடுங்க, கழுவவே வேணாம். 24 மணித்தியாலம் தண்ணி படக்கூடாது. முதல்ல செம்மஞ்சளாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. 48 மணித்தியாலத்துல கருஞ்சிவப்பாகும். கொழுந்து எடுத்து வெடிச்ச விரல்னா எலுமிச்சைச் சாறு தடவாதீங்க, எரியும்.

உடனே கருப்பாகிற கோன் மட்டும் வேணவே வேணாம். அதுல முடிச்சாயத்துல போடுற பிபிடிங்கிற இரசாயனம் இருக்கலாம். கை கொப்பளிச்சுத் தழும்பாகவும் கூடும்.