லாஃப்ட் மூடியைத் திறந்து வையுங்கள்: ஈ.பி.சி எடுக்கும் முன்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டை விற்பதற்கோ வாடகைக்கு விடுவதற்கோ விளம்பரம் போகும் முன்பே ஈ.பி.சி-க்கு, அதாவது வீடு எவ்வளவு சிக்கனமாகச் சூடாகிறது என்று மதிப்பெண் போடும் எரிசக்திச் சான்றிதழுக்கு, ஆள் சொல்லியிருக்க வேண்டும். சர்டிபிகேட் 10 வருடம் செல்லும். மதிப்பெண் 92-ஓ அதற்கு மேலோ என்றால் ஏ. 69 முதல் 80 வரை சி. 55 முதல் 68 வரை டி. 39 முதல் 54 வரை இ. அதற்குக் கீழே எஃப், ஜி. விற்பவருக்கு ஜி வந்தாலும் சட்டப்படி தடையில்லை, வாங்குபவர் விலையைக் குறைத்துக் கேட்பார், அவ்வளவுதான். வாடகைக்கு விடுபவருக்குத்தான் சிக்கல். 2018 ஏப்ரல் 1 முதல் புது வாடகைக்கும், 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கும் குறைந்தது இ இருக்க வேண்டும். விலக்கு வாங்காமல் எஃப் வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வீட்டுக்கு 5,000 பவுண்டு வரை அபராதம் போடலாம்.

மதிப்பெண் குறைவதற்கு எல்லா நேரமும் வீடு காரணமில்லை. வீட்டைப் பார்த்து மதிப்பிட வருகிற அசெசர் சுவரில் துளை போட மாட்டார், தரைப்பலகையைப் பெயர்க்க மாட்டார். கண்ணால் பார்த்ததையும் காகிதத்தில் இருப்பதையும் மட்டுமே அவர் எழுதலாம். இரண்டும் இல்லாத இடத்தில், வீடு கட்டிய காலத்தை வைத்து மென்பொருள் ஒரு ஊகத்தைப் போட்டுக்கொள்ளும். 1930-இல் கட்டிய வீட்டுக்கு அந்த ஊகம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காசு போட்டுச் செய்த வேலை அந்த ஊகத்துக்குள் காணாமல் போவதுதான் அடிக்கடி நடக்கிறது.

இதில் முதல் பலி லாஃப்ட், அதாவது கூரைக்கு அடியிலுள்ள பரண். அசெசர் ஏணி போட்டு, மூடியைத் தள்ளி, டார்ச்சும் டேப்பும் கொண்டு, சூடு வெளியேறாமல் இருக்க அங்கே விரித்த கம்பளியின் தடிமனை அளந்து படம் எடுப்பார். இன்றைய பரிந்துரை 270 மி.மீ: உத்திரக் கட்டைகளுக்கு நடுவே 100 மி.மீ, அதன் மேல் குறுக்குவாட்டில் 170 மி.மீ. மூடி பெயின்டோடு ஒட்டிக்கிடந்தாலோ, அதன் கீழே அலமாரி நின்றாலோ, அவர் திரும்பிப் போய்விடுவார். மேலே கம்பளி இருப்பது உங்களுக்குத் தெரியும், சர்டிபிகேட்டுக்குத் தெரியாது. இன்னொரு கோளாறு, பெட்டிகள் வைக்க வசதியாகப் பலகை அடித்துவிடுவது. பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. கட்டையின் உயரம் 100 மி.மீ என்றால் அதற்கு மேல் கம்பளி இருக்கவும் வாய்ப்பில்லை, அமுக்கி வைத்தால் அதன் பலனும் போய்விடும். மூடிக்குப் பக்கத்தில் ஒரு பலகையின் திருகைக் கழற்றி வைத்தாலே போதும். சாமான் வைத்தே ஆக வேண்டுமென்றால் பலகையைக் கால் கொடுத்து உயர்த்திப் போடுங்கள்.

அடுத்தது சுவர். வெளியே நின்று செங்கல் வரிசையைப் பாருங்கள். எல்லாக் கல்லும் நீளப் பக்கத்தையே காட்டினால் பெரும்பாலும் நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர். நீளப் பக்கமும் குறுகிய முகமும் மாறி மாறி வந்தால் ஒன்பது அங்குலக் கெட்டிச் சுவர். லண்டனில் ஈஸ்ட் ஹாம், வால்தம்ஸ்டோ பக்கத்து விக்டோரியா காலத்து வரிசை வீடுகளில் பார்ப்பது இதைத்தான். மேலே பூசியிருந்தால் கதவோரத்தில் தடிமனை அளந்து முடிவு செய்வார்கள். இரட்டைச் சுவரில் கம்பளி நிரப்பியிருந்தால் கலவைக் கோட்டில் ஒரு பவுண்டு நாணய அளவில் துளைகளை அடைத்த அடையாளம் வரிசையாகத் தெரியும். பிறகு பூசி, பெயின்ட் அடித்துவிட்டீர்கள் என்றால் அடையாளம் போச்சு. அப்போது கைகொடுப்பது சீகா என்று எல்லோரும் சொல்லும் 25 வருட உத்தரவாதக் காகிதம் மட்டுமே.

ஆகவே அசெசர் வரும் முன் ஒரு ஃபைல் தயார் செய்யுங்கள். பின்னால் கட்டிய அறைக்குக் கவுன்சில் கொடுத்த பில்டிங் கன்ட்ரோல் சான்று, மாற்றிய ஜன்னலுக்கு ஃபென்சா சான்று (விதிப்படி பொருத்தியதற்கான காகிதம்), சுவருக்கும் லாஃப்டுக்கும் போட்ட வேலைக்கான பில். எல்லாவற்றிலும் வீட்டு முகவரி இருக்க வேண்டும். “பில்டர் செய்தார், கம்பளி போட்டார்” என்று வாயால் சொல்வதை அசெசர் ஏற்க முடியாது. அவருடைய கோப்பைத் தணிக்கை செய்தால் மாட்டிக்கொள்பவர் அவர்தான். அவரைத் திட்டிப் பயனில்லை.

கேஸ் பாய்லர் இருக்கும் வீட்டில் மாடல் பெயர் தெரியும்படி முன்மூடியின் கீழ்ப்பகுதியைத் துடைத்து வையுங்கள். மாடல் கிடைத்தால் தரவுத்தளத்தில் உள்ள அதன் உண்மையான திறன் ஏறும். கிடைக்காவிட்டால் பொதுவான குறைந்த எண் ஏறும். டைமர், அறைத் தெர்மோஸ்டாட், ரேடியேட்டரில் தெர்மோஸ்டாட் வால்வு மூன்றும் இருக்கின்றனவா என்று பார்ப்பார். சுடுநீர்த் தொட்டி வைத்திருக்கும் பழைய வீடுகளில் மலிவாக மதிப்பெண் கிடைக்கும் இடம் அதுதான்: 80 மி.மீ ஜாக்கெட் ஒன்று, தொட்டியின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் கட்டிய தெர்மோஸ்டாட் ஒன்று. தொட்டி நிற்கும் அலமாரிக்குள் துணியை அடைத்து வைத்தால் இதுவும் கண்ணில் படாது.

மின்சாரத்தால் சூடாக்கும் ஃபிளாட்டுகளில் ஒரு பொதுவான ஏமாற்றம் உண்டு. மதிப்பெண் பெரும்பாலும் வீட்டைச் சூடாக்க ஆகும் செலவை வைத்து வருகிறது. மின்சாரம் கேஸை விட யூனிட்டுக்குப் பல மடங்கு விலை. எனவே பழைய பேனல் ஹீட்டரைக் கழற்றிவிட்டு, விளம்பரத்தில் “சிக்கனமானது” என்று வரும் புதிய பேனல் ஹீட்டரை மாட்டினால் மதிப்பெண் அநேகமாக அசையாது. நேரடி மின் ஹீட்டர் எதுவானாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடுதான். இரவு மலிவு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் நவீன ஸ்டோரேஜ் ஹீட்டரும், அதற்கான இரட்டை விலை மீட்டரும் சேர்ந்தால்தான் எண் ஏறும். மீட்டர் அலமாரியின் சாவியையும் எடுத்து வையுங்கள்.

மற்றவை சின்னவை. பொருத்திய பல்புகளை எல்.இ.டி ஆக்குங்கள். பயன்படுத்தாத பழைய கேஸ் நெருப்பிடம் சுவரில் இருந்தால் அது துணைச் சூடாகக் கணக்கில் வரும், திறந்த புகைபோக்கி காற்றை இழுத்துப் போகும். இரண்டையும் முறையாக அகற்றி அடைக்கலாம். கன்சர்வேட்டரிக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவைக் கழற்றி ஒரே ஹாலாக ஆக்கியிருந்தால் எண் இறங்கும், கதவை மாட்டிவிடுங்கள்.

புதிதாக எடுக்கும் முன் அரசு இணையப் பதிவேட்டில் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள், பழையது இன்னும் செல்லக்கூடும். கணக்கிடும் முறை 2025 ஜூனில் மாறியது. இப்போது ஒவ்வொரு ஜன்னலையும் தனித்தனியாக அளக்கிறார்கள். கடைசியாகப் பதிவானதே செல்லும் என்பதால், நல்ல மதிப்பெண்ணோடு காலம் மீதமிருக்கும் ஒன்றை வீணாகப் புதுப்பித்து இறக்கிக்கொள்ளாதீர்கள். எஸ்டேட் ஏஜென்ட் வழியாகப் போனால் இடையில் அவருக்கும் ஒரு பங்கு போகும், நேரடியாகவே கூப்பிடலாம். பதிவேற்றும் முன் எண்ணைச் சொல்ல முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். 37 வந்தால் ஜாக்கெட்டும் பல்பும் மாற்றிவிட்டு, அதைப் படம் எடுக்க மறுபடி வரச் சொல்லி, பிறகு பதிவு செய்யலாம்.

எல்லாம் செய்தும் இ-க்கு வராத வீட்டுக்கு, வாடகை உரிமையாளர் வாட் வரியோடு 3,500 பவுண்டு வரைதான் செலவழிக்க வேண்டும். மிக மலிவான வேலையே அதைத் தாண்டினால் மூன்று வெவ்வேறு ஆட்களிடம் விலைப்புள்ளி வாங்கி விலக்குப் பதிவேட்டில் ஏற்றலாம். அது 5 வருடம் செல்லும். வீட்டை விற்றால் வாங்கியவருக்குப் போகாது. சர்டிபிகேட்டில் பிழை இருந்தால் முதலில் அசெசரிடம், அவர் அசையாவிட்டால் அவர் சார்ந்த அங்கீகார அமைப்பிடம் எழுதுங்கள். இரண்டு தொடர்பும் சர்டிபிகேட்டிலேயே இருக்கும்.