ஹுட்விங்க்: ஒரு வினைச்சொல்லைத் தோண்டிய கதை

‘ஹுட்விங்க்’ என்றால் ஆங்கிலத்தில் ஏமாற்றுவது. ‘ஹுட்’ முக்காடு, ‘விங்க்’ கண்ணடிப்பது. இரண்டும் சேர்ந்தால் ஏமாற்று எப்படி வரும்? மூன்று வாரமாக இதே நினைப்புதான்.

முதல் வாரம் முழுக்க ஹுட்டின் பின்னாலேயே போனேன். வேட்டைக்குப் பழக்கும் வல்லூறின் கண்ணை மறைக்கத் தோல் குல்லா மாட்டுவார்கள். அதற்கும் ஹுட் என்றுதான் பெயர். அங்கிருந்து வந்திருக்கும் என்று நம்பித் தேடினேன். ஒரு வரிகூடச் சிக்கவில்லை.

முடிச்சு விங்க்கில் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இரு கண்களையும் மூடுவது என்று பொருள். ஒற்றைக் கண்ணைச் சிமிட்டிக் காட்டுவதெல்லாம் பிற்காலத்தில் ஏறியது. 1609-ல் அச்சான ஷேக்ஸ்பியரின் 43-ஆவது சானெட் (பதினான்கு வரிக் கவிதை), கண்ணை மூடும்போதுதான் நன்றாகப் பார்க்கிறேன் என்று தொடங்குகிறது. ‘மூடும்போது’ என்ற இடத்தில் அவர் போட்ட சொல் விங்க். அதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்!

அப்புறம் எல்லாம் சரசரவென்று விழுந்தது. முக்காட்டால் கண்ணை மூடச் செய்வதுதான் ஹுட்விங்க். நம் இலக்கணத்தில் சொன்னால், ‘ஆல்’ உருபு மறைந்து நிற்கும் மூன்றாம் வேற்றுமைத் தொகை மாதிரி. 1560-களில் இந்தச் சொல் எழுத்தில் வரும்போது கண்ணைக் கட்டுவது என்ற நேர்ப்பொருள்தான். ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் துணியால் கண் கட்டிய மன்மதனைச் சொல்லவும் இதே வினைதான் வருகிறது. ஏமாற்று என்ற பொருள் பின்னால் சேர்ந்தது. நாம் ‘கண்கட்டு வித்தை’ என்கிறோமே, ஏறக்குறைய அதே பாதை.

எனக்கு மிகவும் பிடித்த சான்று ‘ஹாம்லெட்’டில் கிடைத்தது. கண்ணைக் கட்டி விளையாடும் ஆட்டத்துக்கு அன்று ‘ஹுட்மேன் பிளைண்ட்’ என்று பெயர். அந்த ஆட்டத்தில் உன்னை ஏமாற்றிய பிசாசு எது என்று ஹாம்லெட் தன் தாயைக் கேட்கிறான். கண்கட்டும் ஏமாற்றும் ஒரே கேள்வியில்!

வழியில், கண்ணைக் கட்டுவதைக் குறிக்கும் ‘பிளைண்ட்ஃபோல்ட்’ சொல்லையும் பார்த்தேன். அதில் துணி மடிப்பே கிடையாது. ‘குருடாக அடித்துவிடுவது’ என்ற பழைய வினையின் கடைசிப் பகுதிதான், மடிப்பைக் குறிக்கும் ‘ஃபோல்ட்’ என்று பிற்பாடு தவறாக எண்ணப்பட்டது.

அடுத்தது ‘ப்ரோபீட்’. ப்ரோ புருவம், பீட் அடிப்பது. புருவத்தை அடிப்பதா, புருவத்தால் அடிப்பதா? 1580-களில் முறைத்தே பணியவைப்பதைக் குறித்த சொல் என்பதால், இதையும் மூன்றாம் வேற்றுமையில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.